கனவில் வந்த சீட்டு: டாரட் உருவங்களும் தஃபீர் மரபும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். அதன் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுதில், ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வினாவை முன்வைத்தார். கனவில் டாரட் சீட்டின் உருவம் தோன்றினால் அதற்கு என்ன பொருள் என்பதே அவ்வினா. அவர் கேட்டது தம் மகளுக்காக. அப்பெண்ணின் திருமணப் பேச்சு அந்தக் கனவினால் இரண்டு மாதங்களாகத் தடைப்பட்டு நின்றது.

மார்க்க அடிப்படையில் ஒரே வாக்கியத்தில் விடை கூறி இவ்வினாவை முடித்துவிட இயலும். குறிபார்த்தல் விலக்கப்பட்டது, ஆகவே அதனைப் பொருட்படுத்தாதீர் என்று கூறியிருக்கலாம். ஆனால் அந்த விடை கனவு கண்ட பெண்ணின் அச்சத்தைத் தீர்க்காது. அவள் சீட்டைத் தேடிப் போனவள் அல்லள், உறக்கத்தில் சீட்டு அவளைத் தேடி வந்தது. எனவே டாரட் உருவங்களைக் கொண்டு கனவுக்குப் பொருள் கூறும் இன்றைய வழக்கத்தையும், நமது தஃபீர் மரபு அதற்கு அளிக்கக்கூடிய மறுமொழியையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

ஒரு கனவும் இரு பலன்களும்

அப்பெண் கண்ட கனவு இது: உயர்ந்த கோபுரம் ஒன்றை மின்னல் தாக்குகிறது, அதன் உச்சி உடைந்து சரிகிறது, இருவர் தலைகீழாக விழுகின்றனர், கீழே கடல் கறுத்துப் பொங்குகிறது. விழித்தெழுந்தவள், தன்னுடன் பணிபுரியும் தோழி ஒருத்தி வைத்திருந்த சீட்டுக்கட்டில் இதே படத்தைப் பார்த்திருந்ததை நினைவுகூர்ந்தாள். தோழியின் வழியாக ஒரு டாரட் பலன் கூறுவோரிடம் செய்தி சென்றது. அச்சீட்டு பதினாறாம் எண்ணுடைய 'கோபுரம்'. அது திடீர் அழிவையும், கட்டியெழுப்பிய உறவு இடிந்து விழுவதையும் குறிக்கும் என்று பதில் வந்தது.

அச்சமுற்ற தாயார், வீட்டில் இருந்த கனவுப் பலன் நூலொன்றைப் புரட்டினார். இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் பெயரைத் தாங்கிய நூல் அது. மினாரா இடிந்து விழுவதாகக் கண்டால் ஊரின் தலைவர் ஒருவர் மரணிப்பார், அல்லது மக்களிடையே பிளவு தோன்றும் என்று அதில் கண்டிருந்தது. அயலாரின் சீட்டும் நம்மவரின் நூலும் ஒரே தீங்கைச் சுட்டுவதாக வீட்டார் கருதினர். திருமணப் பேச்சு நின்றது.

இரண்டு பலன்களும் ஒத்துப்போனமை வியப்புக்குரியதன்று. இரண்டும் ஒரே முறையைப் பின்பற்றின. ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு, பட்டியலில் அதற்கு நேரே எழுதப்பட்டுள்ள பொருளை வாசித்தன. கனவு கண்டவள் யார், அவள் எங்கே வளர்ந்தாள், கனவில் கடல் ஏன் வந்தது என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை. கோபுரச் சீட்டில் கடல் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இன்று பெரிதும் வழங்கும் சீட்டுக்கட்டில் அக்கோபுரம் ஒரு பாறையின் மீது, கருவானின் பின்னணியில் நிற்கிறது. கடல் அப்பெண்ணின் உள்ளத்திலிருந்து வந்தது. பலன் கூறியவர் சீட்டோடு பொருந்தியவற்றை எண்ணிப் பார்த்தாரேயன்றிப் பொருந்தாத ஒன்றைப் பற்றி எண்ணவில்லை.

சீட்டின் வரலாறு

டாரட் சீட்டுகள் பண்டைய எகிப்தின் இரகசிய ஞானத்தைத் தாங்கியவை என்னும் கூற்று இன்றும் பரவலாக நம்பப்படுகிறது. வரலாறு காட்டுவது வேறு. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1440ஆம் ஆண்டையொட்டி வட இத்தாலிய நகரங்களில் தோன்றிய சீட்டாட்டம் அது. எழுபத்தெட்டுச் சீட்டுகள் கொண்ட கட்டில், ஐம்பத்தாறு சீட்டுகள் கோப்பை, வாள், நாணயம், தடி என்னும் நான்கு இனங்களாகப் பிரிந்தவை. எஞ்சிய இருபத்திரண்டில் கோமாளி ஒன்று, மற்றவை ஆட்டத்தை வெல்லும் துருப்புச் சீட்டுகள். செல்வர் மாளிகைகளில் பொழுதுபோக்காக ஆடப்பட்டது இவ்வாட்டம். தர்க்கவியல் துறையில் பெயர்பெற்ற தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மட் 1980இல் வெளியிட்ட பெருநூல், டாரட்டை முதன்மையாக ஒரு விளையாட்டாகவே ஆராய்ந்து, குறிகூறும் வழக்கு அதற்கு மிகப் பிந்தியது என்பதை ஐயமற நிறுவியது.

இவ்வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஓர் இயலும் உண்டு. ஐரோப்பாவுக்குச் சீட்டாட்டம் முஸ்லிம் உலகிலிருந்தே சென்றது. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் 1931இல் எல். ஏ. மேயர் என்னும் ஆய்வாளர் கண்டறிந்த மம்லூக் சீட்டுகள் இதற்குச் சான்று. கோப்பை, வாள், நாணயம், போலோ மட்டை என நான்கு இனங்கள். அரசர், அவருக்கு நாயிப், அடுத்த நாயிப் என மூன்று அவைச் சீட்டுகள். நாயிப் என்னும் அரபுச் சொல்லே இத்தாலியில் சீட்டாட்டத்துக்குப் பெயராக நின்றது. போலோ விளையாட்டை அறியாத ஐரோப்பியர் மட்டையைத் தடியாக வரைந்துகொண்டனர். இன்று டாரட் கட்டில் உள்ள தடி, ஒரு மம்லூக் குதிரை வீரனின் கையிலிருந்து நழுவிய மட்டையே ஆகும்.

மம்லூக் சீட்டுகளில் மனித உருவம் இல்லை என்பது கருதத்தக்கது. அரசரும் நாயிபும் எழுத்தாலேயே குறிக்கப்பட்டனர். அவற்றின் மீது அழகிய எழுத்தணியில் சிறு சிறு வாசகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. உருவங்கள் ஐரோப்பியக் கரையில் சேர்ந்தவை. இன்று ஒருவரின் கனவில் புகுந்து அச்சுறுத்தும் படங்கள் அக்கரையில் வரையப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்டவை.

பிரெஞ்சு நாட்டில் 1781ஆம் ஆண்டு, கூர் தெ ஜெபலென் என்பார் தமது நூல்வரிசையின் எட்டாம் தொகுதியில், டாரட் என்பது எகிப்தியக் குருமாரின் நூல் என அறிவித்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் வழியை ஷம்போலியோன் வெளிப்படுத்தியது 1822இல் ஆகும். எழுத்தையே வாசிக்கவியலாத காலத்தில் எழுந்த எகிப்தியக் கூற்று இது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். அவரை அடுத்து 1785இல் எத்தெய்யா என்னும் புனைபெயருடையவர் டாரட் கொண்டு குறிபார்க்கும் முறையை நூலாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எலிஃபாஸ் லெவி இருபத்திரண்டு சீட்டுகளையும் எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டோடு இணைத்தார். 1909இல் இலண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வழிகாட்ட, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைந்த கட்டு வெளிவந்தது. புதுச்சேரித் தோழியின் கையிலிருந்தது அக்கட்டின் ஒரு மறுபதிப்பே. அக்கனவின் கோபுரத்துக்கு எகிப்தின் தொன்மை இல்லை. அதன் இன்றைய வடிவத்தின் வயது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

தலைகீழாகத் தொங்கும் மனிதன்

உருவத்துக்கு நிலைத்த பொருள் உண்டா என்னும் வினாவுக்குப் பன்னிரண்டாம் சீட்டு தெளிவான விடை தருகிறது. ஒரு காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் மனிதனின் படம் அது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியர் அதனைக் கண்டதும் துரோகி எனப் புரிந்துகொண்டனர். துரோகிகளையும் கடனை ஏமாற்றியோரையும் அவ்வாறு தொங்கவிட்டுப் பொதுச் சுவர்களில் வரைந்து அவமதிப்பது அவர்தம் நகரங்களின் வழக்கம். அதே படத்தைப் பார்த்த கூர் தெ ஜெபலென், அச்சிட்டோர் தவறாகத் தலைகீழாக்கிவிட்டனர் என்றும், நிமிர்த்திப் பார்த்தால் அது விவேகத்தின் உருவம் என்றும் கூறினார். வெய்ட்டின் கட்டிலோ அம்மனிதனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிட்டது. துரோகி ஞானியாக மாறினான்.

இதே உருவம் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண்ணின் கனவில் வந்தால் என்னவாகும்? பாபில் நகரில் ஹாரூத், மாரூத் ஆகியோரை அல்குர்ஆன் குறிப்பிடுகிறது (2:102). அவ்விருவரும் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டனர் என்னும் கதை விரிவுரைகள் சிலவற்றில் இடம்பெற்றுள்ளது. அதனை இஸ்ராயீலியத் எனக் கருதி ஏற்க மறுத்த அறிஞர் பலர். ஆயினும் பாட்டிமார் வாயிலாக அக்கதை கேட்டு வளர்ந்தவருக்குத் தொங்கும் மனிதன் ஒளிவட்டம் பூண்ட ஞானியாகத் தோன்றமாட்டான். அம்மன் கோயில் திருவிழாவில் செடல் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அவ்வுருவம் நேர்த்திக்கடனாகத் தோன்றலாம். படம் ஒன்று, அது இறங்கும் உள்ளங்கள் பல.

பெயரும் இவ்வாறே மாறுகிறது. ஆங்கிலக் கட்டின் பதினாறாம் சீட்டைத் தமிழில் 'கோபுரம்' என்கிறோம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்லி வாழும் நாட்டில் அச்சொல்லுக்குள்ள மங்கலத்தை அச்சீட்டு அறியாது. பழைய இத்தாலியப் பட்டியல்களில் அச்சீட்டுக்குத் தீ என்றும், மின்னல் என்றும், சைத்தானின் வீடு என்றும் பெயர்கள் இருந்தன. பிரெஞ்சுக் கட்டில் அதன் பெயர் 'இறைவனின் இல்லம்'. சைத்தானின் வீடாகவும் இறைவனின் இல்லமாகவும் ஒரே படம் நின்றிருக்கிறது.

டாரட்டின் ஆதரவாளர்கள் இவ்விடத்தில் கார்ல் யுங்கைத் துணைக்கழைப்பர். 1933இல் நடந்த தமது கருத்தரங்கில் யுங் டாரட் உருவங்களைப் பற்றிப் பேசியதும், மனித மனத்தின் ஆழத்தில் உறையும் பொதுப்படிமங்களோடு அவற்றைத் தொடர்புபடுத்தியதும் உண்மையே. ஒரு படம், பேச நாவெழாத மனிதரைப் பேசவைக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அதே யுங், கனவு கண்டவரின் வாழ்க்கைச் சூழலை அறியாமல் பொருள் கூறும் நிலைத்த அகராதியை ஏற்கவில்லை. அவர் பெயரால் அகராதி எழுதுவோர் அவரது எச்சரிக்கையை விட்டுவிடுகின்றனர்.

தஃபீர்: கடத்தலின் கலை

கனவுக்குப் பொருள் கூறுவதை அரபியர் தஃபீர் என்பர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடத்தல் என்பது அதன் வேர்ச்சொற்பொருள். எகிப்தின் மன்னர் தமது அவையோரிடம் கனவுக்குப் பொருள் கேட்டபோது அல்குர்ஆன் இவ்வேரிலிருந்து பிறந்த வினையையே ஆள்கிறது (12:43). ஆற்று முகத்துவாரத்தில் வாழ்வோர்க்கு இச்சொல்லின் நுட்பம் எளிதில் விளங்கும். கடத்துபவனுக்கு அக்கரையை மட்டும் தெரிந்தால் போதாது. பயணி நிற்கும் இக்கரையையும் தெரிந்திருக்க வேண்டும்.

யூஸுஃப் அத்தியாயத்தின் கனவுகளை இந்நோக்கில் மீண்டும் வாசிக்கலாம். சிறையிலிருந்த இருவருள் ஒருவன் மது பிழிவதாகக் கண்டான். மற்றவன் தலைமேல் ரொட்டி சுமப்பதாகவும் பறவைகள் அதனைத் தின்பதாகவும் கண்டான் (12:36). ஒருவன் மன்னருக்குப் பானம் வழங்குவோன், மற்றவன் சமையற்கூடத்தைச் சேர்ந்தவன் என்பர் விரிவுரையாளர்கள். மன்னரின் கனவில் வந்தவையோ பசுக்களும் கதிர்களும். நைல் நதியின் விளைச்சலை நம்பிய நாட்டின் தலைவருக்கு உரிய உருவங்கள் அவை. மூவரின் கனவும் அவரவர் வாழ்விலிருந்து எடுக்கப்பட்ட மொழியிலேயே பேசியது. யூஸுஃப் (அலை) அவர்கள் பொருள் கூறுமுன், அவ்வறிவு தம்முடையதன்று, தம் இறைவன் கற்பித்தது என அறிவித்ததையும் (12:37), மன்னருக்குப் பஞ்சத்தை மட்டும் முன்னறிவித்து நிறுத்தாமல் தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் வழியையும் கூறியதையும் (12:47) நோக்கவேண்டும். அவர் உரைத்த பலன் கேட்டவருக்குச் செய்யவேண்டிய ஒரு பணியைத் தந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவுகளை மூவகையாகப் பிரித்துக் காட்டியதாக முஸ்லிம் கிரந்தத்தில் அறிவிப்பு உள்ளது. இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. சைத்தான் உண்டாக்கும் துயரம் ஒன்று. மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வது மூன்றாவது. பகலின் எச்சங்கள் இரவுக் கனவில் மீள்வதைப் பற்றி 1900ஆம் ஆண்டின் தமது நூலில் ஃபிராய்ட் விரிவாக எழுதினார். இம்மூன்றாம் வகை அவ்வுண்மையின் வாயிலை மிக முன்னரே திறந்துவைத்தது எனலாம். நண்பரின் மகள் சீட்டைப் பகலில் பார்த்தாள், இரவில் கண்டாள். இதற்கு மேலுலகச் செய்தியொன்றைத் தேடிச் செல்லுமுன் இம்மூன்றாம் வகையை நினைவுகொள்வதே முறை.

பலன் கூறுவோர் தவறுவர் என்பதற்கும் நம் மரபிலேயே சான்று உண்டு. நெய்யும் தேனும் சொரியும் மேகத்தைக் கனவில் கண்ட ஒருவர் நபியவர்களிடம் வந்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டுப் பொருள் உரைத்தார். சிலவற்றில் சரி, சிலவற்றில் தவறு என்று நபியவர்கள் கூறிவிட்டார்கள். தவறிய இடம் எது எனக் கேட்டபோது அதனை வெளியிடவில்லை. உம்மத்தின் முதல் மனிதரே கனவின் முன் பாதி தவறக்கூடுமெனில், சீட்டையோ நூலையோ விரித்து உறுதிகூறுவோரின் நிலை என்ன?

நம் வீட்டுக் கனவுப் பலன் நூல்கள்

டாரட்டை விமர்சிக்கும் நாம் நம் அலமாரியையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். பஸ்ராவில் துணி வணிகராக வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் மறைந்த இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்), கனவுக்குப் பொருள் கூறுவதில் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் அவர் கனவு நூல் எதனையும் எழுதியதாக நிறுவப்படவில்லை. அவர் பெயரால் இன்று அச்சாகும் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் தொகுக்கப்பட்டவை. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழமையானது ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு குதைபாவின் நூல் என்பதை ஜான் லமோரோ 2002இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைக்கிறது. கிரேக்கரான ஆர்டெமிடோரஸின் கனவு நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தார். அதன் செய்திகளும் பின்னைய தொகுப்புகளில் கலந்தன. டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (மறைவு 1731) கனவுப் பொருள்களை அகரவரிசையில் அடுக்கினார். தேடுவோருக்கு அது வசதியாயிற்று. ஆனால் வசதி மிகுந்தபோது, கனவு கண்டவரை விசாரிக்கும் வழக்கம் குறைந்தது.

இப்னு ஸீரீன் அவர்களைப் பற்றிப் பரவலாக வழங்கும் நிகழ்ச்சியொன்று அந்த அகராதி முறைக்கு நேர்மாறானது. தாம் பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் தனித்தனியே அவரிடம் வந்தனர். ஒருவருக்கு ஹஜ் கிட்டும் என்றார். மற்றவர் மீது திருட்டுக் குற்றம் சாட்டப்படும் என்றார். ஒரே கனவுக்கு இரு பலன்கள் எவ்வாறு எனக் கேட்டபோது, வந்தவர்களின் தோற்றத்திலும் நடத்தையிலும் கண்ட வேறுபாட்டையே காரணமாகக் காட்டினார். இரண்டு பலன்களுக்கும் வெவ்வேறு மறைவசனங்கள் அவருக்குத் துணைநின்றன. அவர் முதலில் மனிதரை வாசித்தார். கனவு அதன் பின்னரே.

இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் இக்கலைக்கு ஓர் இயலை ஒதுக்கி, இதனையே கோட்பாடாக வகுத்தார். பாம்பு ஓரிடத்தில் பகைவனைக் குறிக்கும். வேறோரிடத்தில் இரகசியம் காப்பவனைக் குறிக்கும். இன்னோரிடத்தில் உயிர்வாழ்வையே குறிக்கும். பொதுவிதிகளை அறிந்தவர், சூழல் சுட்டும் குறிப்புகளைக் கொண்டே பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார். அவர் முகத்திமாவை எழுதிய 1377ஆம் ஆண்டில்தான், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் புதிதாக வந்த நாயிப் சீட்டாட்டத்தைத் தடைசெய்தது என்பது சுவையான ஓர் ஒருமிப்பு.

தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என ஒரு காதையே உண்டு. கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி சொன்ன குளத்து நீராடல் பரிகாரத்தை அவள் ஏற்கவில்லை. அந்நூலுக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், கனவு கண்ட யாமத்தைக் கொண்டு பலன் விளையும் காலத்தை வகுத்த பொன்னவன் கனா நூலை எடுத்தாண்டார். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் கதீசா கனவு கண்ட படலம் அமைந்துள்ளது. தெருவோரக் கிளி சோதிடர் விரிக்கும் படச்சீட்டுகளையும் இவ்வரிசையில் நினைக்கலாம். தெய்வ உருவங்களோடு சில கட்டுகளில் மாதாவின் படமும் இருக்கும். அச்சீட்டைக் கிளி எடுத்தாலும், சோதிடர் தம் முன் அமர்ந்தவரின் முகம் பார்த்தே பேசுகிறார். அவருடைய பலனை நாம் ஏற்பதில்லை. ஆனால் வந்தவரைப் பார்க்காமல் பலன் எழுதும் நூலை விட அவர் மனிதருக்கு நெருக்கமாக இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீராம்பட்டினத்தின் இரு சான்றுகள்

நாங்கள் உரையாடிய ஊரே இவ்விவாதத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்திருக்கிறது. முதலாவது, அவ்வூரின் செங்கழுநீர் அம்மன் கோயிலைப் பற்றி ஊரார் சொல்லும் வரலாறு. வீரராகவர் என்னும் மீனவரின் வலையில் மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை சிக்கியது. விறகுக்காக அதனைப் பிளக்க முயன்றபோது இரத்தம் கசிந்தது. பின்னர் அம்மன் அவர் கனவில் தோன்றித் தனக்கு இடம் அமைக்கப் பணித்தாள் என்பர். ஆடி மாத வெள்ளியன்று நடைபெறும் அக்கோயிலின் தேரைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்தார். 1954இல் ஆட்சி மாறிய பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அது அம்மக்களின் நம்பிக்கை; நமது கொள்கை வேறு. ஆனால் அக்கதையில் கனவின் மொழியைக் கவனியுங்கள். வலை, கட்டை, கோடரி, அடுப்பு ஆகிய யாவும் அம்மீனவரின் அன்றாடப் பொருள்கள். அவர் கனவைப் புரிந்துகொள்ள எந்த அயல்நாட்டுப் பட்டியலும் தேவைப்படவில்லை. அக்கனவு அவருக்கு ஒரு பணியையும் இட்டது.

இரண்டாவது, ஊரை ஒட்டிய அரிக்கமேடு. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்கே கிடைத்த மணிக்கல் ஒன்றில் பொறித்திருந்த தலையைக் கண்டு, அது உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார். ஆனால் மண்ணடுக்கிலிருந்து பிரிந்து கைக்கு வந்த ஒற்றை உருவம் அவ்வூரின் காலத்தை உறுதிசெய்யப் போதவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அடுக்கடுக்காக அகழ்ந்து, இத்தாலிய அரெட்டைன் மட்கல ஓடுகள் எந்த அடுக்கில், எவற்றோடு கிடைத்தன எனக் குறித்த பின்னரே காலக்கணக்கு உருப்பெற்றது. 1947 முதல் 1950 வரை கஸால் வீராம்பட்டினம், அரிக்கமேடு என இரு பெயர்களையும் இணைத்தே தம் அகழாய்வை வெளியிட்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்து, வீலரின் முடிவுகள் சிலவற்றைத் திருத்தி, அங்கு மக்கள் வாழ்ந்த காலத்தை முன்னும் பின்னும் நீட்டினார்.

கனவின் உருவமும் அந்த மணிக்கல்லைப் போன்றதே. அது கிடைத்த அடுக்கைப் பதிவுசெய்யாமல் பெயர் சூட்டினால், பெயர் கவர்ச்சியாக இருக்கும், அறிவு கிட்டாது. அடுக்கைப் பார்த்துச் சொன்ன முடிவையும் பின்வருவோர் திருத்த இடம் விடவேண்டும்.

பலன் கூறுவோரின் பொறுப்பு

நண்பர் அன்றிரவே மகளிடம் பேசினார். பலனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கடல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். அவள் சிறிது நேரம் கழித்தே பேசினாள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. ஏழு வயதுச் சிறுமியாக அவள் காரைக்கால் பகுதியில் கடலோரத்தை ஒட்டிய உறவினர் வீட்டில் இருந்தாள். ஆழிப்பேரலை வந்தபோது யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினர். கீழே கறுத்த நீர் சுழன்றதையும், நிற்கும் மாடியே சரிந்துவிடும் என்று நடுங்கியதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிழைத்தவள் தானே, சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாளாம். இருபது ஆண்டுகள் கடந்து, ஒரு சீட்டின் படம் அந்த மாடிக்கு உருவம் கொடுத்திருக்கிறது. அவளுடைய கனவு வரப்போகும் கணவனைப் பற்றியது என்பதற்கு அதில் எதுவும் இல்லை.

இதுவே முழுமையான பொருள் என்று நான் உறுதிகூறவில்லை; மேலே கண்ட அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சிக்குப் பின் எவரும் அவ்வாறு கூறத் துணியலாகாது. ஆயினும் இவ்வாசிப்பு கனவிலுள்ள கடலைக் கணக்கில் கொள்கிறது. முந்தைய இரண்டும் கொள்ளவில்லை. மேலும் இது அவளுக்குச் செய்யத்தக்க ஒன்றைத் தருகிறது: அந்தக் காலையைப் பற்றித் தன் வீட்டாரிடம் பேசலாம், தேவையெனில் மனநல மருத்துவரை நாடலாம். முந்தைய பலன்கள் அவளுக்குத் தந்தது காத்திருப்பும் அச்சமும் மட்டுமே.

அவளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. குறிச்சீட்டு தன் கனவில் வந்தமையால் தன் ஈமானுக்குக் குறை நேர்ந்துவிட்டதோ என அஞ்சினாள். இதற்கு நம் மரபு தெளிவான ஆறுதல் தருகிறது. உறங்குபவர் விழிக்கும்வரை அவர் மீதான எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. அம்புகளால் குறிபார்த்தலை அல்குர்ஆன் விலக்கியது (5:90). குறிசொல்வோரை நாடிச் செல்வதையும் நபியவர்கள் கண்டித்தார்கள். அவை விழித்திருப்பவர் தாமே விரும்பிச் செய்யும் செயல்கள். கனவு அழைக்காமல் வருவது. அதில் எந்த உருவம் வந்தாலும் அது கண்டவரின் குற்றமாகாது. தீய கனவு கண்டவர் இறைவனிடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுத்து, அதனைப் பலரிடம் பரப்பாதிருக்க வேண்டும் என்றும், அது அவருக்குத் தீங்கிழைக்காது என்றும் கற்பிக்கப்பட்டுள்ளது. பரப்ப வேண்டாம் என்றதன் பயன் இந்நிகழ்ச்சியிலேயே வெளிப்பட்டது. கனவு தோழிக்கும், அவள் வழியே பலன் கூறுவோருக்கும், பின்னர் நூலுக்கும் சென்றதனால்தான் ஓர் இரவின் துயரம் இரண்டு மாதத் துயரமாக நீண்டது. அன்பும் அறிவும் உடைய ஒருவரிடம் மனச்சுமையை இறக்கிவைப்பது இதிலிருந்து வேறுபட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

காணாத கனவைக் கண்டதாகப் புனைந்து கூறுபவர், மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை ஒன்றோடொன்று முடிச்சிடுமாறு பணிக்கப்படுவார்; அது அவரால் இயலாது என்று புகாரீ கிரந்தம் அறிவிக்கிறது. கனவைப் புனைவதற்கே இவ்வெச்சரிக்கை எனில், பிறர் கனவுக்குப் பொருளைப் புனைந்து ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்திவைப்போரும் அம்மணிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. சீட்டை விரிப்போருக்கு மட்டுமன்றி, இப்னு ஸீரீனின் பெயரை அட்டையில் அச்சிட்டுப் பட்டியல் விற்போருக்கும் இது பொருந்தும்.

திருமணப் பேச்சு மீண்டும் தொடங்கியதா என்று வாசகர் கேட்கலாம். தொடங்கியது, ஆனால் முடிவெடுக்கும் உரிமையை அப்பெண் இம்முறை தன்னிடமே வைத்துக்கொண்டாள் என்று நண்பர் தெரிவித்தார். கனவுப் பலன் நூல் இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதனை எறிந்துவிட வேண்டாம் என்றுதான் நானும் கூறினேன். பழந்தொகுப்பு என்னும் முறையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் யாரேனும் அடுத்த முறை ஒரு கனவோடு வந்தால், அந்நூலைத் திறக்குமுன் வந்தவரை உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுதும் கேட்கவேண்டும்.